மஞ்சள் உறையின் மறதி

அந்த டெல்லித் தமிழருக்கு மறதி கிடையாது. மத்திய அரசில் 34 வருடம் வேலை பார்த்து, செக்‌ஷன் ஆஃபீசராக ஓய்வு பெற்றவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து துவாரகாவில் குடியேறி வருடங்கள் ஆகின்றன. எந்தக் கோப்பு எந்த பீரோவில் இருந்தது, எந்த நோட்டின் எந்தப் பத்தியில் எந்த டெபுடி செகரட்டரி என்ன கிறுக்கினார் என்பதை இன்றும் சொல்வார். மறதி அவருடைய கம்ப்யூட்டருக்கு.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஸ்கேனர் வாங்கினார். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் நிலத்தின் பத்திரங்கள், பட்டா, பென்ஷன் உத்தரவு, மருத்துவ பில்கள் என 212 தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, 001, 002 என்று எண் போட்டுப் பெயர் கொடுத்து, 'பத்திரம்' என்ற ஃபோல்டரில் வைத்தார். எண் வரிசையில், சிறிய எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டியல். அரசாங்க ரிஜிஸ்டர் போலவே இருந்தது. பார்க்கவே திருப்தி.

ஒரு நாள் காலை திறந்தால் பட்டியலைக் காணோம். அதற்குப் பதில் திரை முழுக்கப் பெரிய பெரிய படங்கள். 212 வெள்ளைச் செவ்வகங்கள். பத்திரத்துக்கும் பில்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் மூன்று புள்ளி. அவர் எதையும் தொடவில்லை. 'வியூ' மெனுவில் போய் மீண்டும் பட்டியலாக்கினார். சில வாரம் ஒழுங்காக இருந்தது. பிறகு மறுபடியும் செவ்வகங்கள்.

விண்டோஸ் வைத்திருக்கும் எவருக்கும் இது புதிதல்ல. திருமண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர் முதல் ஆடிட்டர் ஆபீஸ் பையன் வரை எல்லோரும் ஒரு தடவையாவது பல்லைக் கடித்திருக்கிறார்கள். வைரஸ் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. கடைக்காரர் சி டிரைவை ஃபார்மட் செய்து கொடுத்திருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

காரணம் வைரஸ் இல்லை. அக்கறை. ஒரு ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று விண்டோஸ் மோப்பம் பார்க்கிறது. பொது, ஆவணம், படம், பாட்டு, வீடியோ என்று அதனிடம் ஐந்து அச்சுகள் இருக்கின்றன. உள்ளே இருப்பவை பெரும்பாலும் படங்கள் என்று பட்டால், இவர் ஆல்பம் பார்க்க விரும்புகிறார் என்று முடிவு கட்டி, பட அச்சைப் பொருத்திவிடுகிறது. நம் செக்‌ஷன் ஆஃபீசரின் ஸ்கேனர் தாள்களைப் படமாகத்தான் சேமித்தது. ஆகவே நிலப் பத்திரம் ஆல்பமாயிற்று.

அதே வீட்டில் இதற்கு நேர்மாறும் நடந்தது. அவருடைய மனைவி 96 பக்க நோட்டு ஒன்றில் கோலங்கள் போட்டு வைத்திருந்தார். மார்கழிக்கு ஒன்று, தைக்கு ஒன்று, வரலட்சுமி விரதத்துக்கு ஒன்று. ஓரத்தில் புள்ளிக் கணக்கு. அவர் காலமான பிறகு, பென்சில் கோடுகள் மங்குவதற்குள் கணவர் அதையும் ஸ்கேன் செய்தார். இந்த முறை ஸ்கேனரைப் பிடிஎஃப் என்று மாற்றி வைத்திருந்தார், அதுதான் நல்லது என்று யாரோ சொன்னதால். விண்டோஸ் மோப்பம் பார்த்தது. பிடிஎஃப் என்றால் ஆவணம். எனவே கோலங்களெல்லாம் தேதி, அளவு, வகை என்ற கட்டங்களோடு வறட்டுப் பட்டியலாக நின்றன. பத்திரத்தைப் படமாகவும் கோலத்தைப் பத்திரமாகவும் பார்க்கும் கண் அதற்கு.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன் போனில் வழி சொன்னார்.

"அப்பா, ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க. கடைசியில கஸ்டமைஸ்னு இருக்கும்."

"இருக்கு."

"அதுல ஜெனரல் ஐட்டம்ஸ்னு மாத்துங்க. கீழ சப்ஃபோல்டருக்கும்னு ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் பண்ணுங்க."

"பத்திரம்னு நான் கொட்டை எழுத்துல பேர் வெச்சிருக்கேனேடா. அது போதாதா அதுக்கு?"

போதாது. பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வது அதன் வேலையில்லை.

அச்சை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, ஞாபகம் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு ஃபோல்டரை நாம் பட்டியலாக வைத்தோமா, படமாக வைத்தோமா என்ற குறிப்பு அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இல்லை. ரிஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேட்டில், பேக்ஸ் என்ற பெயரில், அதாவது பைகளில், அது தனியே கிடக்கிறது. பைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தபோது 400 ஃபோல்டர்கள் வரை நினைவில் வைத்துக்கொண்டது. பிற்பாடு அது 5,000 ஆனது. அதைத் தாண்டினால் பழைய பை ஒன்றைக் கொட்டிவிட்டுப் புதியதை நிரப்பிக்கொள்ளும். 5,000 ஃபோல்டர் யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். பத்து வருடமாக ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதில் பென்டிரைவ், மெமரி கார்டு, பிள்ளைகளின் செல்போன் என்று எதையெதையோ செருகித் திறந்து பார்த்தவரிடம் இருக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிட எரிச்சலூட்டக்கூடியது. ஒரே ஃபோல்டருக்கு வேறு வேறு வழியில் போனால் வேறு வேறு பை. சி டிரைவைத் திறந்து, யூசர்ஸ் வழியாக நடந்து டாக்குமென்ட்ஸுக்குப் போனால் ஒரு தோற்றம். பக்கவாட்டுப் பட்டையில் டாக்குமென்ட்ஸ் என்பதைத் தட்டினால் இன்னொரு தோற்றம். வேர்டில் ஃபைலைத் திறக்கும்போது வரும் சிறிய ஜன்னலில் மூன்றாவது தோற்றம். வாசல் வழியாக வந்தால் ஹால். கொல்லை வழியாக வந்தால் அதே ஹால் சமையலறை. நேற்று ஒழுங்காக வைத்தேனே என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. நேற்று அவர் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறார்.

எல்லா ஃபோல்டர்களுக்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்று கேட்க ஒரு பொத்தானும் இருக்கிறது: 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்'. பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. படம் வகை ஃபோல்டரில் நின்று அதை அழுத்தினால் படம் வகைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். பாட்டுக்குத் தனி, ஆவணத்துக்குத் தனி, பொதுவுக்குத் தனி. ஐந்து அமைச்சகங்களுக்கும் தனித்தனியே மனுப் போட வேண்டும்.

மேகின்டாஷ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. ஆப்பிள் வேறு வழியில் போயிற்று. தோற்றக் குறிப்பை ஃபோல்டருக்குள்ளேயே, 'டிஎஸ் ஸ்டோர்' என்ற மறைவு ஃபைலில் எழுதி வைக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேக்கில் செருகிய பென்டிரைவை விண்டோஸில் செருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபோல்டருக்கு ஒன்றாக அந்த ஃபைல் எச்சம் போலச் சிதறிக் கிடக்கும். ஒன்று மறக்கிறது, இன்னொன்று போகிற இடமெல்லாம் டைரி எழுதி விட்டுவிட்டு வருகிறது.

விண்டோஸின் மறதியும் நமக்குத்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். போலீஸுக்காகக் கம்ப்யூட்டர்களை ஆராயும் நிபுணர்கள் மிகவும் விரும்புவது இந்தப் பைகளைத்தான். ஃபோல்டரை அழித்தாலும் பை உடனே அழிவதில்லை. என்றோ செருகிப் பிடுங்கிய பென்டிரைவில் எந்தப் பெயருள்ள ஃபோல்டர் இருந்தது, இந்தக் கணக்கில் நுழைந்தவர் அதைத் திறந்தாரா என்பதை அதிலிருந்து எடுக்கிறார்கள். பட்டியலா படமா என்று நாம் சொன்னது மறந்துபோகும். எங்கே எட்டிப் பார்த்தோம் என்பது மறக்காது.

ஃபோல்டர் என்ற இந்த உருவகமே நம் ஊருக்குக் கொஞ்சம் ஒட்டாதது. 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கம்ப்யூட்டரிலும், 1983-84-ல் ஆப்பிளின் லிசாவிலும் மேகின்டாஷிலும் அது திரைக்கு வந்தது. அமெரிக்க ஆபீஸ் மேஜையை அப்படியே வரைந்தார்கள். அங்கே தாளை ஒரு மடித்த மஞ்சள் அட்டைக்குள் வைத்து டிராயரில் செருகுவது வழக்கம். மணிலா ஃபோல்டர் என்று அதற்குப் பெயர். பிலிப்பைன்ஸ் வாழைநாரில் ஆரம்பத்தில் செய்ததால் அந்தப் பெயர், அந்த நிறம். டாஸ் காலத்தில் டைரக்டரி என்று அழைக்கப்பட்டதை 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 ஃபோல்டர் ஆக்கி, மஞ்சள் பூசி, வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது.

இந்திய அரசு அலுவலகத்தில் 'ஃபைல்' என்றால் தாள்களின் கட்டு. அட்டை, நாடா, ஒரு பக்கம் நோட்டிங், மறுபக்கம் கடிதப் போக்குவரத்து. கம்ப்யூட்டரில் ஃபைல் என்பது ஒற்றைத் தாள். கட்டுக்குப் பெயர்தான் ஃபோல்டர். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்த எத்தனையோ குமாஸ்தாக்கள் குழம்பியது இந்த இடத்தில்தான். 'ஃபைலை ஃபோல்டருக்குள் போடுங்கள்' என்றால், பீரோவையா சொல்கிறார் என்று பார்த்தார்கள். தமிழில் பெயர்த்தவர்கள் ஃபைலுக்குக் 'கோப்பு' என்றும் ஃபோல்டருக்குக் 'கோப்புறை' என்றும் வைத்தார்கள். கோப்பது என்றாலே பலவற்றைச் சேர்ப்பதுதான். பூவைக் கோத்தால் மாலை. ஒற்றைப் பூவுக்குக் கோப்பு என்று பெயர் வைத்தால் மாலையை என்னவென்று அழைப்பது? ஆனால் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. விசித்திரம், டெல்லி அமைச்சகங்களில் இப்போது ஓடும் இ-ஆபீஸில் ஃபைல் மறுபடியும் பழைய கட்டாகவே ஆகிவிட்டது. பச்சை நிற நோட் ஷீட் உட்பட.

இந்தியர்களுக்கு ஃபோல்டரோடு வேறொரு சொந்தமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இமெயில் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் சுற்றி வந்தது. 'கான்' என்ற பெயரில் எவராலும் ஃபோல்டர் உண்டாக்க முடியாது, இதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், பில் கேட்ஸாலேயே விளக்க முடியவில்லை என்று. ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்ற மூன்று எழுத்து. பல்லாயிரம் பேர் முயன்று பார்த்துத் தோற்று, தேசப் பெருமையோடு பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். விளக்கம் சாதாரணமானது. 1981-ல் வந்த முதல் டாஸில் டைரக்டரிகளே கிடையாது. கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்குக் 'கான்', பிரின்டருக்குப் 'பிஆர்என்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயர்களை ஃபைல் போலவே நடத்தினார்கள். 1983-ல் டைரக்டரிகள் வந்தபோது, பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு டைரக்டரியிலும் அந்தப் பெயர்கள் ஏற்கனவே இருப்பதாகப் பாவித்துக்கொண்டார்கள். அந்தப் பாவனை நாற்பது வருடத்துக்கும் மேலாக விடாமல் வந்திருக்கிறது. இதில் பில் கேட்ஸுக்குப் புரியாதது எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் ரகம். செட்டிங் ஒன்று நிஜமான சேதம் விளைவித்த கதைகளும் இருக்கின்றன.

விண்டோஸ் 95 முதல் இன்றுவரை, ஃபைல் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்தை, மறைத்து வைப்பதுதான் பிறவி வழக்கம். சாதாரண மனிதருக்கு அது வேண்டாம், குழம்புவார் என்ற கருணை. 2000 மே 4 அன்று உலகம் முழுக்க ஒரு காதல் கடிதம் இமெயிலில் வந்தது. இணைப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரிந்தது. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து, கெடுதல் செய்யாது. உண்மையில் அதற்கு இரண்டு வால். பின்னால் இருந்த 'விபிஎஸ்' என்ற இரண்டாவது வாலை விண்டோஸ் வழக்கம்போல மறைத்துவிட்டது. அது புரோகிராம். தட்டியவர்களின் படங்களின் மீது அது தன்னையே எழுதிக்கொண்டது, எம்பி3 பாட்டுகளை ஒளித்து வைத்தது, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் காதல் கடிதத்தை அனுப்பியது. ஒரு கோடிக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைத் தொற்றியதாகக் கணக்கிட்டார்கள். புறப்பட்ட ஊர், மஞ்சள் ஃபோல்டருக்குப் பெயர் கொடுத்த அதே மணிலா. எழுதிய மாணவர் மீது வழக்கு நிற்கவில்லை, அங்கே அதற்குச் சட்டம் இல்லாததால். இந்தியாவிலும் அன்று இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்த வருடம் அக்டோபர் 17-ல்.

அதற்குப் பிறகாவது வாலைக் காட்டியிருக்கலாம். விண்டோஸ் 11-லும் அது மறைந்துதான் இருக்கிறது. காட்டச் செய்யும் கட்டத்தின் வாசகத்தையும் பாருங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், 'தெரிந்த வகைகளின் வாலை மறை' என்று இருக்கும். தெரிய வேண்டுமானால் டிக்கை எடுக்க வேண்டும். மறைவு ஃபைல்கள் தெரிய வேண்டுமானால் அதே பட்டியலில் 'காட்டு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்பதற்கு மறுபடியும் டிக்கை எடுக்க வேண்டும். வருமான வரிப் படிவம் எழுதியவர்களே இதையும் எழுதினார்களோ என்று தோன்றும்.

மணிலாவுக்கு அடுத்து இந்தோனேசியா. 2005-ல் அங்கிருந்து கிளம்பிய பிரான்டாக் என்ற வைரஸ், மனித சுபாவத்தை நன்றாகப் படித்திருந்தது. தன் உருவத்தை மஞ்சள் ஃபோல்டர் போலவே வரைந்துகொண்டது. வால் மறைந்திருப்பதால், தட்டுகிறவர் ஃபோல்டரைத் திறப்பதாகவே நினைப்பார். அதைப் பிடிக்க ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குப் போகலாம் என்றால், அந்த மெனுவையே அது எடுத்துவிட்டிருக்கும். பூட்டோடு சாவித்துவாரத்தையும் அடைத்த திருடன்.

அந்த வம்சத்தில் வந்தவைதான் பின்னாளில் நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் குடியிருந்தன. பென்டிரைவைக் கொடுத்து இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும். மூன்று வருடத் தீசிஸ் போயிற்று என்று அழுத மாணவர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. வைரஸ் அசல் ஃபோல்டர்களுக்கு 'மறைவு' என்ற முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் பொய் ஷார்ட்கட்டுகளை நிறுத்தியிருக்கும். கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்று தொடங்கும் ஒரு வரியை அடித்தால் முத்திரை கழன்று எல்லாம் திரும்பி வரும். அந்த ஒரு வரி தெரிந்த பையன் அந்தத் தெருவுக்கே டாக்டராக இருந்தான். தெரியாதவர்கள் டிரைவை ஃபார்மட் செய்தார்கள். ஒளிந்திருந்த தீசிஸ் அப்போதுதான் நிஜமாகவே போயிற்று. பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. ஷார்ட்கட் வைரஸ்களுக்கு அது தேவைப்படவில்லை. ஃபோல்டர் என்று நம்பித் தட்டும் விரல் போதும்.

இவையெல்லாம் வெளியார் செய்த வேலை. 2018-ல் நடந்தது வீட்டுக்காரரே செய்தது.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொரு இந்தியருக்கும் கடைக்காரர் ஒரு உபதேசம் செய்திருப்பார்: 'சி-யில் எதையும் வைக்காதீர்கள், டி-யில் வையுங்கள்.' சி டிரைவ் என்றாவது படுத்துவிடும், ஃபார்மட் செய்ய வேண்டி வரும் என்பது அவருடைய அனுபவம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒரு படி மேலே போய், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் இருப்பிடத்தையே டி-க்கு மாற்றிவிடுவார்கள். விண்டோஸே அதற்கு செட்டிங் வைத்திருக்கிறது. மாற்றும்போது, பழைய ஃபைல்களையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கேட்கும். சிலர் ஆம் என்பார்கள், சிலர் இல்லை என்று பழையதைப் பழைய இடத்திலேயே விடுவார்கள். இரண்டும் அனுமதிக்கப்பட்டதுதான்.

முந்தைய அப்டேட்டில், இப்படி மாற்றியவர்களுக்குப் பழைய இடத்தில் ஒரு காலி டாக்குமென்ட்ஸ் மிச்சமாக நிற்கிறது என்று புகார் வந்தது. சரி, அடுத்த அப்டேட்டில் அந்தக் காலி ஃபோல்டரை நீக்கிவிடுவோம் என்று எழுதினார்கள். நிஜமாகவே காலியா என்று பார்க்க எழுதவில்லை. அக்டோபர் 2 அன்று அப்டேட் வெளியானது. பழைய ஃபைல்களைப் பழைய இடத்திலேயே விட்டிருந்தவர்களின் ஃபோல்டர், உள்ளடக்கத்தோடு மறைந்தது. ரீசைக்கிள் பின்னில்கூட இல்லை. அக்டோபர் 6 அன்று விநியோகத்தை நிறுத்தினார்கள். திருத்தி மீண்டும் வெளியிட்டது நவம்பர் 13-ல். புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற விகிதம்தான் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. விகிதம் சிறிது என்பது உண்மை. ஆனால் இதை முன்கூட்டியே சோதித்துப் பார்த்தவர்களில் சிலர், ஃபைல்கள் காணாமல் போவதாக அப்போதே எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்புகளுக்குப் போதுமான ஓட்டு விழாததால் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்த ஃபைல் என்பது ஓட்டெடுப்புக்கு விடுகிற விஷயமா?

நம் செக்‌ஷன் ஆஃபீசரும் டி டிரைவ்காரர்தான். டாக்குமென்ட்ஸை டி-க்கு மாற்றி, பழையதைப் பழைய இடத்தில் விட்டு வைத்தவர். அவர் தப்பித்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம். நேரு பிளேஸில் 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. மகன் எவ்வளவு சொல்லியும் 10-க்கு மாறவில்லை. 2018 அவரைத் தொடாமல் போயிற்று.

2024-ல் அந்தக் கம்ப்யூட்டர் ஓய்ந்தது. புது லேப்டாப் வந்தது, விண்டோஸ் 11. மேக சேமிப்பான ஒன்டிரைவ், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. தான் சம்மதம் கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை. அவருக்கு மறதி கிடையாது என்று முதலிலேயே சொல்லியாயிற்று. அந்த வருடம் பல நாட்டுப் பத்திரிகைகளும் இதையே எழுதின, புதிதாக நிறுவும் விண்டோஸ் கேட்காமலேயே இதைத் தொடங்கிவிடுகிறது என்று. இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. அது நிறைந்ததும், பணம் கட்டி இடம் வாங்குங்கள் என்று தினமும் அறிவிப்பு. அவர் செட்டிங்ஸில் தேடிப்போய் அதை நிறுத்தினார்.

நிறுத்திய அடுத்த நொடி டெஸ்க்டாப் காலி.

கோல நோட்டு அதில்தான் இருந்தது. புது லேப்டாப்பில் முதலில் அதைத்தான் கொண்டுவந்து கண்ணெதிரே வைத்திருந்தார். அசல் நோட்டு மகளிடம் போய்விட்டது, அதுவும் பாதிப் பக்கம் படிக்க முடியாத நிலையில். 'என் ஃபைல்கள் எங்கே' என்ற பெயரில் ஒரு ஷார்ட்கட் மட்டும் திரையில் நின்றது. அவர் கேட்க வேண்டிய கேள்வியை அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. வைரஸ்கள் ஷார்ட்கட் வடிவில்தான் வரும் என்று எப்போதோ மகன் எச்சரித்திருந்ததால், அவர் அதைத் தட்டவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு பெங்களூருக்குப் போன் செய்தார். மகன் மீட்டிங்கில் இருந்தார். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அவர் பிற்பாடும் அதிகம் பேசவில்லை.

ஃபைல்கள் எங்கும் போகவில்லை. சி டிரைவில், யூசர்ஸில், ஒன்டிரைவ் என்ற ஃபோல்டருக்குள், இன்னொரு டெஸ்க்டாப் இருந்தது. கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு டெஸ்க்டாப். கண்ணுக்குத் தெரிகிற காலி ஒன்று, உள்ளே நிறைந்த ஒன்று. மகன் தூரத்திலிருந்தே இயக்கி, உள்ளதை வெளியே இழுத்துப் போட்டார். 96 பக்கமும் இருந்தது. பட்டியலாக.

"பெரிய படமா வேணும்னா பிடிஎஃப்ஐ ஜேபெக்கா மாத்திடலாம்ப்பா. அப்புறம் அதுவே ஆல்பம்னு நினைச்சுக்கும்."

"அது நினைக்கிறது இருக்கட்டும். எங்க இருக்குன்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

அரசாங்கத்தில் ஃபைல் மூவ்மென்ட் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்தக் கோப்பு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போயிற்று என்பதற்கு. அவர் கடைக்குப் போய் நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேலால் கோடு போட்டு, ஐந்து பத்தி பிரித்தார். வரிசை எண், பொருள், இருப்பிடம், தோற்றம், கடைசியாகப் பார்த்த தேதி. முதல் பதிவு பத்திரம்: டி டிரைவ், பட்டியல். இரண்டாவது கோல நோட்டு: டி டிரைவ், பென்டிரைவ் ஒன்றிலும் நகல், பெரிய படம். மாதம் முதல் தேதி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஐந்தாவது பத்தியில் எழுதுகிறார். தோற்றம் மாறியிருந்தால் சிவப்பு மையில் குறிக்கிறார்.

தீபாவளிக்கு வந்த மகன் அந்த நோட்டைப் புரட்டினார். ஆறு மாதத்தில் ஏழு சிவப்புக் குறிகள். சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, கோல நோட்டை அதிலும் ஏற்றி, இரண்டாவது பதிவின் இருப்பிடப் பத்தியில் 'பெங்களூரிலும் ஒன்று' என்று எழுதி நீட்டினார்.

அப்பா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தேதி போடலியே."